உயர் மின்னூட்ட அயனிகளின் மறுசேர்க்கை: கணக்கீட்டில் ஆற்றல் மட்டங்களின் பங்கு

பல எலக்ட்ரான்களை இழந்த அயனி, பிளாஸ்மாவில் திரியும் எலக்ட்ரானைப் பெரும்பாலும் இரு வழிகளில் பிடிக்கிறது. கதிர்வீச்சு மறுசேர்க்கையில் எலக்ட்ரான் நேரே ஒரு கட்டுண்ட நிலைக்கு இறங்க, மிச்ச ஆற்றல் ஃபோட்டானாக வெளியேறும். இது ஒளி அயனியாக்கத்தின் தலைகீழ் வினை; கணக்கிடுவதில் பெரிய சிக்கல் இல்லை. இரு எலக்ட்ரான் மறுசேர்க்கையோ வேறு வகையானது. வரும் எலக்ட்ரான் உள்ளிருக்கும் ஓர் எலக்ட்ரானைக் கிளர்த்திவிட்டு, ஆற்றல் குறைந்து தானும் சிக்கிக்கொள்கிறது. ஒத்திசைவு எனப்படும் இந்த இரட்டைக் கிளர்வு நிலை தன்னயனியாக்கத்தால் எலக்ட்ரானைத் திரும்ப உமிழ்ந்துவிடலாம். ஃபோட்டானை உமிழ்ந்து நிலைபெற்றால்தான் மறுசேர்க்கை முழுமை பெறும்.

சூரிய ஒளிவட்டத்தின் வெப்பநிலையை அயனிச் சமநிலையிலிருந்து கணித்தபோது, நிறமாலைக் கோடுகளின் அகலம் காட்டிய மதிப்பில் ஏறத்தாழப் பாதியே கிடைத்துவந்தது. இரண்டாம் வழியைக் கணக்கில் சேர்த்தால் முரண்பாடு தீர்கிறது என்று 1964இல் ஆலன் பர்ஜெஸ் காட்டினார். வெப்பப் பிளாஸ்மாக்களில் பல அயனிகளுக்கு இதுவே முதன்மை வழி.

ஓர் ஒத்திசைவின் பங்கு, தன்னயனியாக்க வீதத்தையும் கதிர்வீச்சு வீதத்தையும் பெருக்கி, அந்த நிலை சிதையும் மொத்த வீதத்தால் வகுத்தால் கிடைக்கும் அளவைச் சார்ந்தது. ஒரு வீதம் மற்றதைவிடப் பன்மடங்கு பெரிதானால் விடையை ஆள்வது சிறியதே. பெரியதில் சற்றுப் பிழை இருந்தாலும் விடை அதிகம் மாறாது. ஒத்திசைவு ஆற்றலில் நேரும் பிழைக்கு இந்தச் சலுகை கிடையாது. அந்த ஆற்றல், வெப்ப ஆற்றலால் வகுபட்டு, அடுக்குக்குறிச் சார்பின் உள்ளே அமர்ந்திருக்கிறது. குறைந்த வெப்பநிலையில் கணக்கீட்டின் நம்பகத்தன்மையைத் தீர்மானிப்பது ஆற்றல் மட்டங்களின் துல்லியம்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மூன்று எலக்ட்ரான்கள் மட்டும் எஞ்சிய இரும்பு அயனியில் இதைப் பார்க்கலாம். அதன் மின்னூட்டம் 23. 2s எலக்ட்ரானை 2p நிலையின் உயர் உட்பிரிவுக்கு ஏற்ற ஏறத்தாழ 64.6 எலக்ட்ரான்வோல்ட் வேண்டும். பிடிபடும் எலக்ட்ரானின் பிணைப்பாற்றல் 13.6ஐ 23இன் இருமடியால் பெருக்கி, முதன்மைக் குவாண்டம் எண் n இன் இருமடியால் வகுத்தால் வரும். n = 10 எனில் அது 72; கிளர்வாற்றலை மிஞ்சுவதால் ஒத்திசைவு இல்லை. n = 11 எனில் 59.5. எனவே வாசலுக்கு, அதாவது வரும் எலக்ட்ரானின் சுழி ஆற்றலுக்கு, மேலே சுமார் 5.1 எலக்ட்ரான்வோல்ட்டில் முதல் வரிசை ஒத்திசைவுகள் தோன்றுகின்றன. இவ்வளவு எளிய அயனியில் கணிப்பு நம்பத்தக்கது. எலக்ட்ரான்கள் கூடக்கூட எலக்ட்ரான் உறவுகள் சிக்கலாகி, மட்டங்களில் ஓர் எலக்ட்ரான்வோல்ட் பிழை நேர்வது இயல்பாகிறது.

அந்த ஒன்று எவ்வளவு பெரிது? வெப்ப ஆற்றல் 100 எலக்ட்ரான்வோல்ட்டாக இருந்தால், விடை ஒரு விழுக்காடு மாறும். வெப்ப ஆற்றலே 1 எலக்ட்ரான்வோல்ட் எனில் 2.7 மடங்கு மாறும். வாசலையொட்டிய ஒத்திசைவு கீழே நழுவினாலோ, அதன் பங்கே இல்லாமல் போகும். ஆகவே குறைந்த வெப்பநிலை வீதங்களை ஹைடெல்பெர்க்கின் டி.எஸ்.ஆர். போன்ற சேமிப்பு வளையங்களில் எடுத்த அளவீடுகளோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும். அட்டவணை மதிப்புகளை அப்படியே எடுத்தாள்வது ஆபத்தானது.

டங்ஸ்டன் நிலைமை இன்னும் கடினம். இணைவு உலைகளின் உட்சுவரில் பயன்படும் இத்தனிமத்தின் 20 மின்னூட்ட அயனியில் 4f கூடு பாதியைத் தாண்டியும் முழுதாகாமல் நிற்கிறது. 2011இல் ஹைடெல்பெர்க்கில் இருந்து வெளியான அளவீட்டில், 160 எலக்ட்ரான்வோல்ட் வெப்பநிலையில் வீதம் அதுவரை வழக்கிலிருந்த மதிப்பைவிட நான்கு மடங்குக்கும் மேலாக இருந்தது. எண்ணற்ற நிலைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால், தனித்தனி ஒத்திசைவுகளைக் கூட்டும் முறை இங்கே கைகொடுக்கவில்லை. அதே எண்ணிக்கையில் எலக்ட்ரான்கள் கொண்ட தங்க அயனிக்காக ஃபிளாம்பாமும் கூட்டாளிகளும் வகுத்த புள்ளியியல் முறையில், நிலைகளின் அடர்த்தியும் சராசரி இணைப்பும் போதுமானவை. தாழ்ந்த ஆற்றலில் பிடிபட்ட எலக்ட்ரான் பெரும்பாலும் ஃபோட்டான் உமிழ்ந்தே நிலைபெறுவதால் அந்தக் கணக்கு எளிதாகிறது. ஆற்றல் உயர உயர, கிளர்ந்த நிலைகளுக்குத் தன்னயனியாகும் வழிகள் திறந்து, நிலைபெறும் பின்னம் குறைகிறது. அங்கே அந்த வழிகள் ஒவ்வொன்றையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.