ஒரு லட்சம் மைல் அலைந்த படக்காரர்

வரலாற்றுக்குச் சான்றுகள் எவை என்று வினவினால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம் என்று மாணவர்கள் தடையின்றி ஒப்பிப்பார்கள். திரைப்படச் சுருளைச் சொன்ன மாணவனை என் ஆசிரியப் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. அச்சுருள்களைத் தேடி ஒரு லட்சம் மைல் பயணம் செய்த தமிழர் ஒருவரைப் பற்றி இன்று பேச விழைகிறேன்.

அ. க. செட்டியார் 1911ஆம் ஆண்டு கோட்டையூரில் பிறந்தவர். இரங்கூனில் ‘தனவணிகன்’ இதழுக்கு ஆசிரியராக இருந்தார். பின்னர் தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றார். 1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளின் செல்லும் கப்பலில், காந்தியடிகளின் வாழ்வைப் படமாக்கும் எண்ணம் அவர் உள்ளத்தில் உதித்தது. அன்று அவருக்கு இருபத்தாறு வயது நிரம்பவில்லை.

நடிகருக்கு வேடமிட்டு எடுக்கும் படமன்று அது. நடந்ததை நடந்தபடியே காட்டவேண்டும். தண்டி யாத்திரையோ 1930இலேயே முடிந்துவிட்டது. அடிகள் வட்டமேசை மாநாட்டுக்கு இலண்டன் சென்றது 1931இல். கடந்துபோனதை இனி எங்ஙனம் படம்பிடிப்பது? அன்று அங்கே நின்ற செய்திப்படக்காரர்கள் எடுத்த சுருள்கள் பல நாடுகளில் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அலைந்தார். பெரும் படக் கம்பெனி எதுவும் அவருக்குப் பின்னே நிற்கவில்லை.

திரண்டது 50,000 அடி. கணக்கில் விருப்பமுள்ளோர் போட்டுப் பாருங்கள்: பேசும்படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், ஆகவே அது ஒன்பது மணி நேரத்துக்கும் அதிகம். அதனை 12,000 அடியாக, ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரமாகச் சுருக்கினார். அரும்பாடுபட்டுத் தேடியதில் முக்காற் பங்கைத் தம் கையாலேயே ஒதுக்கும் துணிவு, அலைந்த துணிவினும் பெரிது என்பேன்.

தமிழ் விளக்கவுரையுடன் படம் 1940 ஆகஸ்டில் வெளிவந்தது. காங்கிரஸ் மந்திரிசபை முந்திய ஆண்டே விலகிவிட்டது. சென்னை மாகாணம் கவர்னர் ஆட்சியில் இருந்தது. உலகப் போரும் மூண்டிருந்தது. அத்தகைய வேளையில் காந்திப் படத்தை வெளியிட எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! பின்னர்த் தெலுங்கிலும், 1947இல் தில்லியில் இந்தியிலும், 1953இல் அமெரிக்காவில் ஆங்கிலத்திலும் அது காட்டப்பெற்றது.

1943இல் ‘குமரி மலர்’ என்னும் இதழைத் தொடங்கினார். அங்கும் அவர் செய்தது தேடல்தான். மறக்கப்பட்ட பழைய எழுத்துகளைத் திரட்டி அச்சேற்றினார். 1983இல் காலமானார்.

அந்தத் தமிழ்ப் படத்தின் முழுப் பிரதி இன்று நமக்குக் கிட்டவில்லை. உலகெங்கும் சிதறியதைச் சேர்த்தவரின் படைப்பே சிதறிப்போயிற்று! படம் உருவான கதையை அவரே எழுதிய ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ நூலாகக் கிடைக்கிறது. உங்கள் கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்; இல்லையேல் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.