காலியாகக் கிடந்த இன்குபேட்டர்... மாணவர்கள் செய்த மெழுகுப் பை! அப்படி என்ன வகுப்பு இது?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 'டிசைன் ஃபார் எக்ஸ்ட்ரீம் அஃபோர்டபிலிட்டி' என்று ஒரு வகுப்பு. எம்பிஏ, இன்ஜினியரிங்னு பல துறை மாணவர்களை ஒரே டீமில் சேர்த்து, ஏழைகளுக்குக் கட்டுப்படியாகும் பொருளை உருவாக்கச் சொல்வார்கள்.

2007-ல் ஒரு டீமுக்குக் கிடைத்த வேலை, விலை குறைந்த இன்குபேட்டர். டீமில் ஒருவர் நேபாளம் போய்ப் பார்த்தால், நகர மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் காலி! குறைமாதக் குழந்தைகள் பிறப்பது தொலைதூரக் கிராமங்களில். பல குழந்தைகள் மருத்துவமனை வரை வந்து சேர்வதே இல்லை.

அங்கேதான் கேள்வி மாறுச்சு. கரண்ட் இல்லாத வீட்டில் குழந்தையை எப்படிக் கதகதப்பாக வைப்பது? அதற்கான பதில்தான் 'எம்ப்ரேஸ்'. குட்டி ஸ்லீப்பிங் பேக் மாதிரி இருக்கும். உள்ளே வைக்கும் மெழுகுப் பையை உருக்கினால் சுமார் 37 டிகிரி வெப்பத்தைச் சில மணி நேரம் தாங்கும். ஆறினால் மறுபடி சூடாக்கலாம்.

டீம் பெங்களூருவுக்கே வந்து கம்பெனியை நடத்தியது. ஆனா, பை தேவைப்படும் குடும்பத்திடம் வாங்கக் காசு இல்லையே? அதனால், இலவசமாகக் கொடுக்கும் தொண்டு அமைப்பு தனி, விற்கும் கம்பெனி தனி என்று பின்னர் பிரித்தார்கள்.

மண்ணெண்ணெய் விளக்குக்குப் பதில் சோலார் விளக்கு விற்கும் 'டி.லைட்' நிறுவனமும் இதே வகுப்பில் உருவானதுதான்.