குறி தவறும் ரிவால்வர்: தொழில்நுட்ப வரலாற்று நோக்கில் ஓர் ஆய்வு

முன்னுரை

பழம்பொருள்களைச் சான்றாகக் கொண்டு வரலாறு எழுதுவோர், அப்பொருள்கள் செவ்வனே இயங்கிய நிலையையே பெரிதும் கருத்திற் கொள்கின்றனர். அவை பிழைபட இயங்கியதும், அப்பிழையைக் களைய மனிதர் முயன்றதும் வரலாற்றுச் சான்றுகளே என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். குறிவைத்த இடத்தில் பாயாமல் வேறோர் இடத்தில் பாயும் பழைய ரிவால்வர் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் உருவாக்கிய 'நேவி' வகை ரிவால்வரை முதன்மையாகக் கொண்டு, இப்பிழை எங்கிருந்து எழுந்தது, எவ்வாறு திருத்தப்பட்டது, அத்திருத்தம் வரலாற்றாய்வாளருக்கு எதனை உணர்த்துகிறது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

இயந்திரமும் அரமும்

சாமுவேல் கோல்ட் தமது சுழல் உருளைத் துப்பாக்கிக்கு 1836ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். நியூ ஜெர்சி மாநிலத்தின் பேட்டர்சன் நகரில் அவர் நிறுவிய தொழிற்சாலை 1842இல் நொடித்துப் போயிற்று. மெக்சிகோவுடன் அமெரிக்கா நிகழ்த்திய போர் அவருக்கு 1847இல் மறுவாழ்வு அளித்தது. 1850 முதல் 1873 வரை உற்பத்தியான 'நேவி' ரிவால்வர்கள் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஏறத்தாழ 215,000, இலண்டன் தொழிற்சாலையில் ஏறத்தாழ 42,000 எனக் கணக்கிடப்பட்டுள்ளன.

1851ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டன் குடிசார் பொறியாளர் கழகத்தில் கோல்ட் ஓர் உரை நிகழ்த்தினார். துப்பாக்கி உற்பத்தியில் இயந்திரங்களைப் பயன்படுத்துவதே அவ்வுரையின் பொருள். இயந்திரம் ஒன்றுபோலவே ஆயிரம் பாகங்களை வார்த்தெடுக்கும் என்னும் எண்ணம் அக்காலத்தில் வேரூன்றுவதற்கு இத்தகைய உரைகளும் துணைசெய்தன எனலாம்.

ஆயினும் பொருள் காட்டும் சான்று வேறாக உள்ளது. ஒரு 'நேவி' ரிவால்வரைக் கழற்றிப் பார்த்தால், சட்டம், குழல், உருளை, ஆப்பு முதலிய பாகங்கள் பலவற்றிலும் ஒரே தொடர் எண் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பாகங்கள் உண்மையிலேயே ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கனவாக இருந்திருப்பின் இவ்வெண்களுக்குத் தேவை எழுந்திராது. தொழிலாளர் அரத்தால் இராவி, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியே பாகங்களைப் பொருத்தினர். அவ்வாறு பொருத்தியவை கலந்துவிடாமல் இருக்கவே எண்கள் இடப்பட்டன. டேவிட் ஹவுன்ஷெல் 1984இல் வெளியிட்ட நூல் கோல்ட் தொழிற்சாலையில் கைவேலை நீடித்ததை எடுத்துரைத்தது. ராபர்ட் கார்டன் 1988இல் வெளியிட்ட கட்டுரை, அமெரிக்க இராணுவத் துப்பாக்கிகளின் பாகங்களில் எஞ்சியுள்ள அரத்தடங்களையே சான்றாகக் கொண்டு கைவினைஞரின் பங்கினை நிறுவியது.

பிழையின் தோற்றுவாய்

குறி தவறுதல் இருவகைப்படும். குண்டுகள் யாவும் ஓரிடத்தில் நெருங்கிப் பாய்ந்து, அவ்விடம் இலக்கிலிருந்து விலகியிருத்தல் ஒருவகை. குண்டுகள் ஒழுங்கின்றிச் சிதறுதல் மற்றொரு வகை. முன்னதற்குப் பெரும்பாலும் குறிபார்க்கும் அமைப்பே காரணம். பின்னதற்கோ தேய்ந்த பொறியமைப்பு, சிதைந்த குழல்வாய், அளவு பொருந்தாக் குண்டு முதலியன காரணமாகலாம். இவ்வேறுபாட்டை உணராது திருத்த முற்படுவோர் பிழையைப் பெருக்குவரேயன்றிக் குறைக்கமாட்டார்.

'நேவி' ரிவால்வரில் முன்குறி என்பது குழலின் முனையருகே நிற்கும் சிறு பித்தளை முளை. பின்குறியோ சட்டத்தில் இல்லை. சுத்தியலின் தலையில் வெட்டப்பட்ட ஒரு பள்ளமே பின்குறி. சுத்தியலைப் பின்னிழுத்த நிலையில்தான் அது கண்ணுக்குப் புலப்படும். மேலும் குழல் சட்டத்தோடு ஒன்றாக வார்க்கப்படாமல், உருளையின் அச்சில் ஓர் ஆப்பினால் இறுக்கப்பட்டுள்ளது. எனவே முன்குறி ஒரு பாகத்திலும் பின்குறி அசையும் வேறொரு பாகத்திலுமாக அமைந்துள்ளன. ஆப்பு தேய்ந்தாலோ சுத்தியலின் அச்சாணி தளர்ந்தாலோ அவ்விரண்டுக்கும் உள்ள உறவு மாறிவிடும். இங்கிலாந்தில் 1851இல் ராபர்ட் ஆதம்ஸ் காப்புரிமை பெற்ற ரிவால்வரில் குழலும் சட்டமும் ஒரே இரும்பால் ஆனவை. ஆதலின் இச்சிக்கல் அதற்கு இல்லை. 1857ஆம் ஆண்டு இந்தியப் பெருங்கிளர்ச்சியின்போது பிரித்தானிய அதிகாரிகள் இவ்விருவகைத் துப்பாக்கிகளையும் ஏந்தியிருந்தனர்.

குறுந்தொலைவில் 'நேவி' குறிக்கு மேலே பாய்வது பரவலாக அறியப்பட்ட ஒன்று. இதன் அளவினை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். இரு குறிகளுக்கும் இடையே 25 செ.மீ. இடைவெளி இருப்பதாகவும், இலக்கு 25 மீட்டர் தொலைவில் உள்ளதாகவும், குண்டு 20 செ.மீ. மேலே பாய்வதாகவும் கொள்வோம். முன்குறியை 2 மி.மீ. உயர்த்தினால் அப்பிழை நீங்கும். முன்குறி உயர்ந்தால் குண்டு தாழும். முன்குறியைக் குறைத்தால் குண்டு மேலேறும். ஆகவே மேலே பாயும் துப்பாக்கியின் முன்குறியை இராவுவது பிழையை மேலும் கூட்டும். உயரமான முளையொன்றைப் பொருத்துதலோ சுத்தியலின் பள்ளத்தை ஆழப்படுத்துதலோதான் அதற்குரிய வழி.

தோட்டா மாறினால் குறியும் மாறும்

பிழை துப்பாக்கியிடம் மட்டுமே உள்ளது எனக் கொள்வதும் பொருந்தாது. மருந்து வெடித்த கணத்திலேயே பின்னுதைப்பினால் குழலின் முனை மேலெழத் தொடங்குகிறது. கனமான, விரைவு குறைந்த குண்டு குழலுள் சற்று நீண்ட நேரம் தங்குவதால், குறுந்தொலைவில் மேலே பாயும். இலேசான, விரைவான குண்டு தாழப் பாயும்.

இதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. 1873இல் அமெரிக்க இராணுவம் ஏற்ற கோல்ட் ரிவால்வரின் தோட்டா முதலில் 40 கிரெயின், அதாவது ஏறத்தாழ 2.6 கிராம், வெடிமருந்தும் 255 கிரெயின் எடையுள்ள குண்டும் கொண்டதாக அமைந்தது. பின்னர் ஸ்கோஃபீல்டு ரிவால்வரும் படையில் சேர்க்கப்பட்டபோது, அதன் குட்டையான உருளைக்குள் அத்தோட்டா நுழையவில்லை. எனவே ஃபிராங்க்ஃபோர்டு படைக்கலச் சாலை, 28 கிரெயின் மருந்தும் 230 கிரெயின் குண்டும் கொண்ட, இரு துப்பாக்கிகளுக்கும் பொதுவான தோட்டாவைத் தயாரித்தது. கோல்ட் ரிவால்வரின் குறிகளோ அசைக்க இயலாதவை. ஒரு தோட்டாவுக்கு நேராக நின்ற குறி மற்றொன்றுக்கும் நேராக நிற்கும் என எதிர்பார்க்க இயலாது. வழங்கல் வசதி கருதி எடுக்கப்பட்ட ஒரு முடிவின் விளைவைக் களத்தில் நின்ற வீரனே சுமந்தான்.

திருத்தமும் சான்றும்

இந்நிலையில் ஒரு பழைய ரிவால்வரின் முன்குறி இராவப்பட்டிருந்தால், அது வெறும் சிதைவன்று. எந்தத் தோட்டாவுக்காக, எந்தத் தொலைவுக்காக ஒருவர் அதனைப் பழக்கினார் என்பதற்கான தடயம் அது. பெயர் அறியப்படாத ஒரு கையின் எழுத்து எனவும் அதனைக் கூறலாம். இன்று அத்துப்பாக்கியை நேராகச் சுடச்செய்ய விழைந்து மீண்டும் அரத்தை எடுப்போமாயின், அவ்வெழுத்தின்மேல் நாம் வேறோர் எழுத்தை எழுதிவிடுகிறோம். இராவிய உலோகம் மீள்வதில்லை.

ஆதலின் திருத்தத்திற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். முதலில் தொடர் எண்கள் ஒத்துள்ளனவா என்று காணவேண்டும்; வேறொரு துப்பாக்கியின் குழல் பொருத்தப்பட்டிருப்பின் பிழையின் காரணம் அதுவே ஆகலாம். அடுத்து ஆப்பின் இறுக்கத்தையும், ஒவ்வோர் அறையும் குழலுக்கு நேரே நிற்கிறதா என்பதையும் நோக்கவேண்டும். பின்னர் அக்காலத்துக் கரும்வெடிமருந்துக்குரிய அளவினையே ஆராயவேண்டும். பழைய இரும்பு புகையிலா மருந்தின் அழுத்தத்தைத் தாங்காது. இவை யாவும் முடிந்த பின்னரே குறிகளின்மேல் கைவைத்தல் தகும். அப்பொழுதும் பழைய முளையை அளந்து, படமெடுத்து, பாதுகாத்து, அதனிடத்தில் கழற்றத்தக்க புதிய முளையைப் பொருத்துவதே சிறந்தது. சுடுவதே நோக்கமாயின், 1950களின் இறுதியிலிருந்து இத்தாலியில் உருவாக்கப்பட்டு வரும் மறுபதிப்புகள் உள்ளன. அரம் அவற்றின்மேல் தாராளமாகச் செல்லலாம்.

முடிவுரை

இயந்திரம் பிழையின்றி வார்த்த பொருள் என்று பெருமையாகப் பேசப்பட்ட ஒன்று, மனிதக் கையின் திருத்தமின்றிக் குறியை எட்டவில்லை என்பதே 'நேவி' ரிவால்வர் தரும் செய்தி. கோல்ட்டின் பெயர் குழலின்மேல் பொறிக்கப்பட்டது. பாகங்களைப் பொருத்தியோரின் பெயரும் குறியைத் திருத்தியோரின் பெயரும் எங்கும் பொறிக்கப்படவில்லை. அவர்கள் விட்டுச் சென்றவை அரத்தடங்கள் மட்டுமே. அவற்றைப் பிழையெனக் கருதி அழிப்பதற்கு முன் படித்தறிவது வரலாற்றாய்வாளராகிய நமது கடமையாகும்.