புதுச்சேரிப் பள்ளிக் கதவுகள்: 1826 முதல் நவோதயா வரை

தோழர்களே, ‘இங்கே திறமைக்கு மட்டுமே இடம்’ என்று ஒரு பள்ளி சொன்னால், திறமையை அளக்கும் கோல் யாருடையது என்று முதலில் கேளுங்கள். புதுச்சேரியில் அந்தக் கேள்விக்கு இருநூறு வயதாகிறது.

1826இல் ஆளுநர் தெபாசேன் தெ ரிஷ்மோன் இங்கே அரச கல்லூரியைத் தொடங்கினார். இன்றைய லிசே பிரான்சேயின் தொடக்கம் அதுதான். அது ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு. சாதித் தமிழருக்குத் தனிப் பள்ளி, நம் மக்களுக்கு இன்னொரு தனிப் பள்ளி. சமத்துவம் பேசிய பிரெஞ்சுப் புரட்சி நடந்து அப்போது 37 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன! 1877இல் மிஷன் வீதியில் எழுந்த கலவைக் கல்லூரியும் தொடக்கத்தில் சாதி இந்துக்களுக்கே. அரசு அதை ஏற்ற பிறகுதான் மற்றவர்களுக்குக் கதவு திறந்தது. அன்று தேர்வு எதுவும் தேவைப்படவில்லை. அப்பன் பெயரே போதுமானதாக இருந்தது.

1986இன் தேசியக் கல்விக் கொள்கையோடு வேறொரு கதவு வந்தது: கிராமத்துத் திறமைசாலிக் குழந்தைகளுக்கு நவோதயா வித்யாலயா. இந்தியை முன்னிட்டுத் தமிழ்நாடு மறுத்துவிட்டது. புதுச்சேரி ஏற்றது, காலாப்பட்டிலும் காரைக்காலிலும் பள்ளிகள் வந்தன. தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் இலவசம். பட்டியலின மக்களுக்கு இட ஒதுக்கீடு உண்டு, நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். இதையெல்லாம் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. பாகூர், நெட்டப்பாக்கம் சேரிகளில் கூலி வேலை செய்யும் பெற்றோருக்கு இது பெரிய வாய்ப்பு.

ஆனால் தேர்வைப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டு மணி நேரம், 80 கேள்வி, 100 மதிப்பெண். கணக்குக்கு 25, மொழிக்கு 25. மீதி 50 மனத்திறன் பகுதிக்கு: படங்களைப் பொருத்துவது, வரிசையை நிரப்புவது. பாடப்புத்தகத்தில் இதற்குப் பாடமே கிடையாது. காசு கொடுத்தால் பயிற்சி மையத்தில் உண்டு. அதாவது பாதி மதிப்பெண் பள்ளிக்கு வெளியே இருக்கிறது.

ஊரகப் பிள்ளைகளுக்குக் குறைந்தது 75 விழுக்காடு இடம். அதற்கு 3, 4, 5ஆம் வகுப்புகளை ஊரகப் பள்ளியில் முடித்திருக்க வேண்டும். நகரத்துக் குடிசைப் பகுதியில் வளரும் துப்புரவுத் தொழிலாளியின் மகளும், அதே நகரத்து மருத்துவரின் மகனும் கணக்கில் ‘நகரம்’தான். ஊரகப் பிள்ளைகள் போக மிஞ்சும் இடங்களுக்கு இருவரும் போட்டியிட வேண்டும்.

ஆறாம் வகுப்புக்கான இந்தத் தேர்வை ஒருமுறைதான் எழுத முடியும். விண்ணப்பம் வந்தது தெரியாமல் விட்ட பெற்றோருக்கு மறு ஆண்டு கிடையாது. தலைமையாசிரியர் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் காலியாகும் சில இடங்களுக்கு வேறொரு தேர்வு நடக்கிறது. அதில் 100க்கு 15 மதிப்பெண் இந்திக்கு.