ஃபெதர்ஸ்டோன் ரோவர்ஸ்

ஃபெதர்ஸ்டோன் ரோவர்ஸ் இங்கிலாந்தின் மேற்கு யார்க்ஷயரிலுள்ள ஃபெதர்ஸ்டோன் என்ற சிற்றூரின் ரக்பி லீக் கழகம். ஊரின் மக்கள்தொகை சுமார் 15,000. இவ்வளவு சிறிய ஊரின் கழகம் நாட்டின் முதன்மையான சேலஞ்ச் கோப்பையை மூன்று முறையும், லீக் பட்டத்தை ஒரு முறையும் வென்றிருப்பது இங்கிலாந்து விளையாட்டு வரலாற்றில் அரிதான செய்தி.

நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வளர்ந்த ஊர் இது. 1893இல் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் முதலாளிகளுக்கும் தகராறு முற்றியபோது இராணுவம் சுட்டதில் இங்கே இருவர் உயிரிழந்தனர். இரண்டு ஆண்டுகள் கழித்து, விளையாடப் போவதால் இழக்கும் கூலியை வீரர்களுக்கு ஈடுசெய்யலாமா என்ற சர்ச்சையில் வட இங்கிலாந்துக் கழகங்கள் பழைய ரக்பி சங்கத்தை விட்டு விலகின. அந்தப் பிரிவிலிருந்து பிறந்ததே பதின்மூவர் ஆடும் ரக்பி லீக். ஒரு சனிக்கிழமைக் கூலி போனால் அடுப்பெரியாத வீடுகள் நிறைந்த ஃபெதர்ஸ்டோனில் இந்த ஆட்டம் வேரூன்றியதில் வியப்பில்லை.

ரோவர்ஸ் கழகம் 1902இல் தொடங்கி, 1921இல் தொழில்முறை லீக்கில் சேர்ந்தது. 1928இல் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம் வரை சென்று ஸ்விண்டனிடம் தோற்றது. சொந்த மைதானமான போஸ்ட் ஆபீஸ் ரோட்டில் 1959இல் செயின்ட் ஹெலன்ஸை எதிர்த்து ஆடியபோது 17,531 பேர் திரண்டார்கள். அன்றைய ஊரின் மக்கள்தொகையையே மிஞ்சிய கூட்டம் அது.

கழகத்தின் பலம் பணத்தில் இல்லை. அக்கம்பக்கத்துச் சுரங்கக் கிராமங்களின் பிள்ளைகளில் இருந்தது. ஷார்ல்ஸ்டன் கிராமத்தின் ஃபாக்ஸ் சகோதரர்களே இதற்குச் சான்று. டான் ஃபாக்ஸ் ரோவர்ஸுக்காக 162 ட்ரைகள் (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்துப் புள்ளி பெறுவது) அடித்தார். அண்ணன் பீட்டர் இங்கே ஆடி, பின்னர் பயிற்சியாளராகவும் திரும்பி வந்தார்.

1967இல் பாரோ அணியை 17–12 என வென்று கழகம் முதல் சேலஞ்ச் கோப்பையைப் பெற்றது. 1973இல் பீட்டர் ஃபாக்ஸின் பயிற்சியில் பிராட்ஃபோர்ட் நார்தர்னை 33–14 என வீழ்த்தி மீண்டும் அக்கோப்பையை வென்றது; சிரில் கெல்லெட் எட்டு கோல்களை உதைத்தார். 1976–77இல் லீக் பட்டமும் வந்தது.

ஆனாலும் ஊரார் பெருமையாகப் பேசுவது 1983இல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டத்தைத்தான். எதிரணியான ஹல் அந்த ஆண்டின் லீக் சாம்பியன். ஃபெதர்ஸ்டோன் வெல்லும் என்று வெளியார் எவரும் நினைக்கவில்லை. டேவிட் ஹாப்ஸ் இரண்டு ட்ரைகள் அடித்தார். ஆட்டம் 12–12 என நின்ற கடைசி நிமிடங்களில் ஸ்டீவ் குவின் உதைத்த பெனால்டி கோப்பையை முடிவு செய்தது. பணக்கார அணிகளே எப்போதும் வெல்லும் என்பாருக்கு இந்த ஆட்டத்தைவிட நல்ல பதில் கிடையாது.

அடுத்த ஆண்டே நாடு தழுவிய சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. அது முடிந்த 1985இலேயே ஊரின் ஆக்டன் ஹால் சுரங்கம் மூடப்பட்டது. வீரர்களைத் தந்த தொழிலும், நுழைவுச்சீட்டுக்குப் பணம் தந்த கூலியும் ஒருசேரப் போயின.

1995இல் சூப்பர் லீக் என்ற புதிய முதல்நிலைப் போட்டித் திட்டம் வந்தபோது ஃபெதர்ஸ்டோன், காஸில்ஃபோர்ட், வேக்ஃபீல்ட் ஆகிய மூன்றையும் கலைத்து ‘கால்டர்’ என்ற ஒரே கழகமாக்க யோசனை எழுந்தது. பரம்பரையாக மோதிவந்த மூன்று ஊர்களின் ரசிகர்களும் கொதித்தெழுந்தார்கள்; யோசனை கைவிடப்பட்டது. பெயர் தப்பியது. ஆனால் 1996இல் தொடங்கிய சூப்பர் லீக்கில் ரோவர்ஸுக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த வாசலுக்கு அருகே வந்து பலமுறை திரும்பியிருக்கிறது: 1998இல் பதவியுயர்வுக்கான இறுதி ஆட்டத்தில் வேக்ஃபீல்டிடம் இரண்டே புள்ளிகளில் தோற்றது. 2021இல் வெம்ப்ளியில் யார்க்கை 41–34 என வென்று, சூப்பர் லீக்கில் இல்லாத அணிகளுக்கான ‘1895 கோப்பை’யைப் பெற்றது, அதே ஆண்டு அக்டோபரில் பதவியுயர்வுக்கான ஆட்டத்தில் துலூஸிடம் 34–12 எனத் தோற்றது.