அடுத்த ஐமக்கில் எதைக் கழற்றப்போகிறார்கள்?

"இப்ப வாங்கிறதா, இல்லாட்டி புதுசு வருமட்டும் பொறுக்கிறதா?"

எங்களுக்குள் யாராவது கணினிக்குக் காசு சேர்க்கத் தொடங்கினால் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். வீடியோ எடிட்டிங், டிசைன் எண்டு திரியிற ஆக்கள் என்றால் பேச்சு கடைசியில் ஐமக்கில்தான் வந்து நிற்கும். இன்றைய ஐமக்கின் உடம்பு 2021இல் வந்தது. 2023இல் எம்3 சிப், 2024இல் எம்4 சிப் என்று உள்ளே மாறியது. வெளியே அதே மெல்லிய பலகைதான். அதனால் "அடுத்தது முழுசா வேற வடிவமாம்", "பெரிய திரை திரும்ப வருதாம்" என்ற கதைகளுக்குக் குறைவே இல்லை.

சோதிடம் சொல்ல எங்களுக்குத் தெரியாது. அதனால் முன்னுக்குப் பார்க்கிறதை விட்டுவிட்டுப் பின்னுக்குத் திரும்பிப் பார்த்தோம். 1998இலிருந்து ஒவ்வொரு முறை ஐமக் உருமாறியபோதும் எல்லாரும் கேட்ட கேள்வி, "புதுசு எப்படி இருக்கும்?" ஆனால் வாங்கியவர்களின் வாழ்க்கையைத் தீர்மானித்தது வேறொரு கேள்வி: "இந்த முறை எதை எடுத்துவிட்டார்கள்?"

முதலாவது ஐமக்கிலிருந்து தொடங்குவோம். 1997 நிதியாண்டில் அப்பிள் நூறு கோடி டொலருக்கும் மேல் நட்டம் கண்டிருந்தது. கம்பெனி மூடப்படுமோ என்று பலரும் பேசிக்கொண்ட நேரம் அது. அந்த வருடம்தான் ஸ்டீவ் ஜொப்ஸ் திரும்பி வந்தார். 1998 மே 6ஆம் திகதி, 1984இல் முதல் மக்கின்டோஷை அறிமுகம் செய்த அதே பிளின்ட் சென்டர் அரங்கில் ஐமக்கைத் திரை விலக்கிக் காட்டினார். கணினி என்றால் வெளிறிய சாம்பல் பெட்டி என்று இருந்த காலம். இதுவோ உள்ளே இருப்பது மங்கலாகத் தெரியும் நீலப் பிளாஸ்டிக் முட்டை. சிட்னியின் பொண்டை கடற்கரையை வைத்து அந்த நிறத்துக்குப் பெயரிட்டார்கள். மேலே ஒரு கைபிடி. தூக்கித் திரிவதற்காக என்பதைவிட, "பயப்படாமல் தொடலாம்" என்று சொல்லத்தான் அந்தக் கைபிடி என்பது வடிவமைப்பாளர் ஜொனி ஐவின் விளக்கம். விலை 1,299 டொலர்.

அழகைப் பார்த்து வியந்தவர்கள் அடுத்த நிமிஷமே கேட்டது: "பிளொப்பி எங்க?" இல்லை. அந்தக் காலத்தில் எல்லாரும் கோப்புகளைக் கொண்டு திரிந்ததே பிளொப்பியில்தான். அதோடு பழைய மக் கணினிகளில் இருந்த பிரின்டர், கீபோர்ட் போர்ட்களையும் எடுத்துவிட்டு, யூ.எஸ்.பி என்ற அதிகம் புழக்கத்துக்கு வராத ஒன்றை வைத்திருந்தார்கள். விமர்சகர்கள் பிடித்து உலுப்பினார்கள். ஆனால் முதல் ஆறு கிழமைக்குள் 278,000 ஐமக்குகள் விற்றன. யூ.எஸ்.பி அப்பிளுக்கு மட்டும் சொந்தமானதல்ல என்பதால் யாரும் அதற்குச் சாமான் செய்யலாம், செய்தார்கள். வெளியே பொருத்தும் பிளொப்பி டிரைவ்கூட ஐமக்கின் நீல நிறத்திலேயே வந்தது. ஒன்றை எடுத்தார்கள், அதற்குப் பதிலாக எல்லாருக்கும் திறந்த ஒன்றைத் தந்தார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்த பெரிய மாற்றம் 2002 ஜனவரியில். கனமான பழைய திரைக்குழாய் போய், தட்டைத் திரை வந்தது. கணினியின் மற்றப் பாகங்களை எல்லாம் தட்டைத் திரைக்குப் பின்னால் ஒட்டிவிடலாம் என்று முதலில் ஒரு மாதிரி செய்தார்கள். ஜொப்ஸுக்கு அது பிடிக்கவில்லை. அவர் வீட்டுத் தோட்டத்தில் ஐவோடு நடந்து கதைத்தபோது பிறந்த யோசனைதான் சூரியகாந்தி வடிவம்: கீழே அரைக்கோளமாகக் கணினி, அதிலிருந்து எழும் உருக்குத் தண்டு, தண்டின் நுனியில் திரை. விரலால் தள்ளினாலே திரை திரும்பும், உயரும், தாழும். காத்திருப்பின் சரித்திரத்திலும் இந்த மொடலுக்கு ஓரிடம் உண்டு. அறிமுகத்துக்கு முதல் நாள் இரவே டைம் சஞ்சிகையின் கனடா இணையத்தளம் அவசரப்பட்டுக் கட்டுரையை வெளியிட்டுவிட, இரகசியம் உடைந்துபோனது.

பொறுத்திருப்பவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய வருடம் 2004. அந்த யூலையில் அப்பிளே ஒப்புக்கொண்டது: பழைய ஐமக் தீரப்போகிறது, புதியது செப்டெம்பர் வரை வராது. இடையில் வாங்கவே ஐமக் இல்லை. ஓகஸ்ட் 31ஆம் திகதி பரிஸ் கண்காட்சியில், சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஓய்விலிருந்த ஜொப்ஸுக்குப் பதிலாக, பில் ஷில்லர் ஐமக் ஜி5ஐக் காட்டினார். 2002இல் ஜொப்ஸ் வேண்டாம் என்று தள்ளிய யோசனை, ஏறக்குறைய இரண்டு அங்குலத் தடிப்பில் திரும்பி வந்திருந்தது. எல்லாம் திரைக்குப் பின்னால். இன்று வரைக்கும் ஐமக்கின் அடிப்படை வடிவம் அதுதான்.

ஆனால் அந்த மொடலில் எங்களுக்குப் பிடித்தது வடிவமல்ல. மூன்று ஸ்குரூ. அவற்றைத் தளர்த்தினால் பின்மூடி முழுசாகக் கழன்று வரும். ரேம், ஹார்ட் டிஸ்க் எல்லாம் கண் முன்னால். சொந்தக்காரரே மாற்றலாம் என்று கம்பெனியே வழிகாட்டியது. பிறகு அந்த மொடல்களில் கப்பாசிட்டர்கள் வீங்கிப் பழுதாகத் தொடங்கி, 2005இல் அப்பிள் இலவசத் திருத்தத் திட்டம் ஒன்றை அறிவிக்க வேண்டி வந்தது. ஆகவே அது குறையில்லாத மெசின் என்று நாங்கள் சொல்லவரவில்லை. பின்மூடியைக் கழற்றினால் வீக்கத்தைக் கண்ணாலேயே காணலாம் என்பதுதான் விஷயம். 2005 ஒக்டோபரில் கமரா பதித்த மொடல் வந்தபோது அந்த மூன்று ஸ்குரூவும் போய்விட்டன. அதைப் பற்றி அழுதவர் குறைவு. எல்லாரும் கமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2006 ஜனவரியில் இன்னொரு பாடம். ஐமக்கின் மூளையே மாறியது; பவர்பிசி போய் இன்டெல் வந்தது. அவ்வளவு பெரிய மாற்றத்துக்கு வெளியே என்ன அடையாளம்? ஒன்றுமில்லை. அதே வெள்ளை உடம்பு. அலுமினியமும் கண்ணாடியும் சேர்ந்த புது உடம்பு வர 2007 ஓகஸ்ட் ஆனது. "சிப் மாறினால் உருவமும் மாறும்" என்று கணக்குப் போட்டுக் காத்திருந்தவர்கள் ஒன்றரை வருடம் காத்திருந்திருப்பார்கள். 2009இல் 27 அங்குலத் திரை வந்தது. அந்த அலுமினிய ஐமக்குகளில் அடியில் ஒரு சின்ன மூடி மட்டும் மிஞ்சியிருந்தது. அதைத் திறந்து ரேம் சேர்க்கலாம்.

2012 ஒக்டோபரில் காட்டிய ஐமக்கின் விளிம்பு 5 மில்லிமீற்றர். கண்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். விளிம்பு மட்டும்தான் 5. நடுவில் முதுகு புடைத்திருந்தது, ஆனால் படங்களில் அது தெரியாது. இந்த முறை எடுத்தது சிடி டிரைவை. அது பரவாயில்லை, காலம் போய்க்கொண்டுதான் இருந்தது. கவனிக்காமல் விட்டது வேறு இரண்டு. கண்ணாடியும் திரையும் ஒன்றாக்கப்பட்டு, உடம்போடு பசையால் ஒட்டப்பட்டன. 21.5 அங்குல மொடலில் ரேம் மூடி இல்லாமல் போனது. அந்த மொடலில் ரேம் மாற்ற வேண்டுமென்றால் ஒட்டிய திரையைக் கிழித்துத் திறக்க வேண்டும். கூடக் காசு கொடுத்து 27 அங்குலம் வாங்கியவர்களுக்கு மட்டும் பின்னால் மூடி இருந்தது.

அந்த உருவம் அதன் பிறகு எட்டரை வருடம் மாறவில்லை. 2012இல் ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளை, அடுத்த புது வடிவம் வரும்போது கம்பஸுக்குப் போகிற வயசு. இடையில் 2014இல் அதே உடம்புக்குள் 5கே திரை வந்தது. 5120க்கு 2880, ஒரு கோடியே 47 இலட்சம் புள்ளிகள். அன்றைக்கு 2,499 டொலருக்கு அப்படியொரு திரையும் கணினியும் சேர்ந்து கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் இங்கேயும் ஒன்று கழன்றது. 2009இலிருந்து வந்த பல ஐமக்குகளை வேறொரு மக் கணினிக்கு மொனிட்டராகப் பாவிக்க முடிந்தது. அவ்வளவு புள்ளிகளை அன்றைய ஒற்றைக் கேபிளில் அனுப்ப முடியாததால் 5கே மொடலில் அந்த வசதி இல்லை. கேபிள்கள் வேகமானபோதும் அது திரும்ப வரவில்லை. விளைவு, உள்ளே கணினி கிழடாகிவிட்டால் முன்னாலிருக்கும் அருமையான திரையும் அதோடு சேர்ந்து சாகும்.

கடைசியாக, 2021 ஏப்ரல். ஏழு நிறம், 24 அங்குலம், முழுத் தடிப்பும் 11.5 மில்லிமீற்றர். ஆரம்ப விலை மறுபடியும் 1,299 டொலர். மெலிவுக்காக எதையெல்லாம் நகர்த்தினார்கள் பாருங்கோ: மின்சாரப் பெட்டி மேசைக்குக் கீழே போனது; ஹெட்போன் ஓட்டை பக்கவாட்டுக்குப் போனது, ஏனென்றால் பின்னால் குத்தினால் அது திரையைத் தட்டும். ரேம் சிப்போடு சேர்த்தே பொதிக்கப்பட்டது. சேமிப்பகம் போர்டில் பற்றவைக்கப்பட்டது. வாங்குகிற அன்றைக்கு எவ்வளவு எடுத்தீர்களோ அவ்வளவுதான் கடைசி வரைக்கும். அடுத்த வருடம் மார்ச்சில் 27 அங்குல ஐமக்கும் நிறுத்தப்பட்டது. அதோடு ரேம் மூடி உள்ள கடைசி ஐமக்கும் போனது.

சரி, இதில் நன்மையே இல்லையா? இருக்கிறது. ரேம் சிப்புக்குப் பக்கத்தில் இருப்பதாலும், கணிக்கும் பகுதியும் படம் வரையும் பகுதியும் அதைப் பங்குபோடுவதாலும் வேகம் கிடைக்கிறது. மின்சாரம் குறைவாகப் போகிறது, சத்தம் இல்லை. அதை மறுத்தால் பொய்யாகிவிடும். ஆனால் 1998ஐயும் 2021ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விலை ஒன்று, நிறக் கொண்டாட்டமும் ஒன்று. அன்று எடுத்தது காலம் முடிந்துகொண்டிருந்த ஒரு டிஸ்க்கை. பதிலாகத் தந்தது எவரும் பாவிக்கக்கூடிய போர்ட்டை. இன்று எடுத்திருப்பது சொந்தக்காரரின் கை உள்ளே போகிற வழியை. பதிலாகத் தந்ததில் பாதி, மேசையில் முன்னால் இருந்து பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாத ஒரு மெலிவு. மடிக்கணினி மெல்லிசாக இருந்தால் தோளுக்குச் சுகம். மேசையில் இருக்கிற சாமானை யார் தூக்கித் திரிகிறார்கள்?

எங்களுக்கு இது வெறும் ரசனைப் பிரச்சினை இல்லை. எங்கட பக்கம் ஒரு கணினி ஒரு ஆளோடு முடிகிறதில்லை. அண்ணா பாவித்துத் தங்கச்சிக்கு, தங்கச்சியிடமிருந்து மச்சானுக்கு. டொலரில் விலை போட்ட சாமான் ரூபாயில் வந்து சேரும்போது அதை எத்தனை வருடம் இழுக்கலாம் என்பதுதான் முதல் கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு ரேம் மூடி என்பது இன்னும் மூன்று நாலு வருடம். திரையைத் தனியாகப் பாவிக்கலாம் என்றால் இன்னும் கொஞ்சக் காலம். இரண்டும் இல்லாத மெசின் கைமாறும்போது அதன் வயசும் சேர்ந்து கைமாறுகிறது, குறைக்க வழியில்லை.

ஆகவே பொறுத்திருக்கிற சிநேகிதருக்கு எங்கள் பதில் இது. கையில் இருக்கிற கணினி வேலை செய்தால் பாவியுங்கள். வேலை நிற்கிறது என்றால் வாங்குங்கள். வாங்கும்போது நிறத்தைப் பற்றி யோசிக்கிற நேரத்தில் ரேமைக் கொஞ்சம் கூட எடுங்கள், பிறகு சேர்க்க ஏலாது. புது வடிவத்துக்காக மட்டும் காத்திருக்க வேண்டாம். அது ஒன்றரை வருடமாகவும் இருக்கலாம், எட்டரை வருடமாகவும் இருக்கலாம்.

அடுத்த ஐமக்கை அறிவிக்கிற இரவு நாங்களும் நித்திரை முழித்துப் பார்க்கத்தான் போகிறோம். ஆசை யாரை விட்டது! ஆனால் மேடையில் அது சுழன்று காட்டி முடிந்த பிறகு மூன்று விஷயத்தைத் தேடுவோம். ரேமைப் பிறகு சேர்க்கலாமா? கணினி கிழடான பிறகு திரையை மொனிட்டராகப் பாவிக்கலாமா? பசையைக் கிழிக்காமல் திறக்கலாமா? மூன்றில் ஒன்றுக்காவது ஆம் என்றால், அதுதான் 2004இன் மூன்று ஸ்குரூவுக்குப் பிறகு ஐமக்கில் நடந்த பெரிய மாற்றம். நிறம் என்னவாக இருந்தாலும் சரி.