பல்லாட்டக்காரர் இணையப் பாத்திர விளையாட்டு

ஒரே கற்பனை உலகில் ஆயிரக்கணக்கானோர் இணையம் வழியே கூடி, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டு. ஒருவர் கணினியை அணைத்துவிட்டாலும் அவ்வுலகம் மற்றவர்களுக்காக இயங்கிக்கொண்டே இருக்கும். சிறுவர் பொழுதுபோக்கு என்ற பொதுக்கருத்துக்கு மாறாக, இதன் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வயதுவந்தோர்.

தோற்றம்

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் இருவரும் 1978-இல் தொடங்கிய 'மட்' இவ்வகையின் முன்னோடி. அதில் படமே கிடையாது; எல்லாம் எழுத்துதான். வரைகலையுடன் 'அல்டிமா ஆன்லைன்' (1997), 'எவர்குவெஸ்ட்' (1999) வந்தன. 2004-இல் வெளியான 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' 2010-இல் 1.2 கோடிச் சந்தாதாரர்களைத் தாண்டியது.

சென்னையில்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15-இல் கிடைத்தது. 1998-இல் தனியார் நிறுவனங்களுக்கும் அனுமதி வந்தது. அப்போது களமிறங்கிய சத்யம் இன்ஃபோவே, பின்னாளில் 'சிஃபி' ஆகி, தரமணி டைடல் பார்க்கைத் தலைமையிடமாகக் கொண்டது. 'ஐவே' என்ற பெயரில் பிரவுசிங் சென்டர்களை நடத்திய இந்நிறுவனம், 2000-களின் நடுவில் கொரியாவின் 'ஏ3' விளையாட்டை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. கொரியாவில் வயதுவந்தோருக்கென்றே வெளியான விளையாட்டு அது. அதே காலத்தில் 'லெவல் அப்' நிறுவனம் 'ராக்னராக் ஆன்லைன்' விளையாட்டை இந்தியாவில் அறிமுகப்படுத்தியது.

சைதாப்பேட்டை, தியாகராய நகர் போன்ற பகுதிகளில் கணினி இல்லாதவர்களுக்கு மணிக்கணக்கில் காசு வாங்கும் பிரவுசிங் சென்டர்களே வாசலாக இருந்தன. வீட்டு இணைப்பிலோ தரவுக்கு வரம்பு இருந்தது. பி.எஸ்.என்.எல். திட்டங்கள் சிலவற்றில் இரவு 2 மணி முதல் காலை 8 வரை வரம்பில்லை என்பதால், அலாரம் வைத்து எழுந்து ஆடியவர்களும் உண்டு.

வயதுவந்தோரின் ஈர்ப்பு

ஆட்டக்காரர்களைச் சாதிப்போர், தேடி அலைவோர், பழகுவோர், மோதுவோர் என நான்காகப் பார்ட்டில் 1996-இல் வகுத்தார். ஆய்வாளர் நிக் யீ 2006-இல் சாதனை, உறவு, ஆழ்ந்துபோதல் என்ற மூன்று தூண்டுதல்களைச் சுட்டினார். அவர் ஆய்வில் ஆட்டக்காரரின் சராசரி வயது சுமார் 26. ஆடிய நேரம் வாரத்துக்குச் சுமார் 22 மணி.

இவ்விளையாட்டுகளில் பெரிய எதிரியை ஒருவரால் வீழ்த்த முடியாது. அடி தாங்க ஒருவர், காயம் ஆற்ற ஒருவர், தாக்கப் பலர் வேண்டும். ஒருவர் வராவிட்டால் எல்லோருடைய இரவும் வீண். 'கில்டு' எனப்படும் குழுவை விட்டு விலகுவது கடினமாவதும் இதனால்தான்.

'நீ'யா 'நீங்க'ளா என்பதை வயதும் பதவியும் முடிவுசெய்யும் தமிழ்ச் சூழலில், இங்கே எல்லோரும் 'ப்ரோ'. மதிப்பு, பாத்திரம் எட்டிய 'லெவ'லுக்கும் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பதற்கும்தான்.

பிற்காலம்

2016-இல் ஜியோ வந்தபின் மலிவான தரவு ஆட்டத்தைக் கைப்பேசிக்கு மாற்றியது. அரைமணிக்குள் முடியும் 'பப்ஜி' வகை ஆட்டங்கள் முந்தின. 'ஏ3'-யும் 2020-இல் 'ஏ3: ஸ்டில் அலைவ்' எனக் கைப்பேசிக்கே வந்தது. அதில் ஆள் இல்லாதபோதும் பாத்திரம் தானாகவே சண்டையிடும். அலாரம் வைத்து எழ வேண்டியதில்லை.